33 முறை போன் செய்தும் யாரும் கூட்டிப் பார்க்கவில்லை: இங்கிலாந்தில் தெருத் தொல்லைக்கு யார் பதில் சொல்வது?

இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் பார்வெல் என்று ஒரு சிற்றூர். அங்கே ஃபியோனா பில்கிங்டன் என்ற பெண், கடுமையான கற்றல் குறைபாடு கொண்ட மகளோடும் மகனோடும் வாழ்ந்து வந்தார். அக்கம்பக்கத்துப் பையன்கள் கூட்டமாக வந்து வீட்டு வாசலில் நிற்பார்கள். கல்லெறிவார்கள், மகளைக் கேலி செய்வார்கள், மிரட்டுவார்கள். ஒரு நாள் இரண்டு நாள் கதையில்லை, பத்து வருடம் இப்படியே போனது. அந்தப் பத்து வருடத்தில் அவர் போலீஸுக்கு 33 முறை தகவல் சொன்னார்.

33 தடவையும் அது அன்றைக்கு நடந்த ஒரு சில்லறைத் தகராறாகவே பதிவானது. ‘பசங்க சேட்டை பண்றாங்க’ என்ற அளவில்தான் பார்த்தார்கள். முந்தைய 32-ஐயும் எடுத்து வைத்து, இது ஒரே குடும்பத்தின் மீது தொடர்ந்து நடக்கும் வன்மம் என்று கூட்டிப் பார்க்க யாரும் இல்லை. 2007 அக்டோபரில் தாயும் 18 வயது மகளும் இறந்து போனார்கள். மகளைக் கொன்றுவிட்டுத் தானும் உயிரை மாய்த்துக்கொண்டார் என்பது 2009 செப்டம்பரில் மரண விசாரணை ஜூரி சொன்ன முடிவு. கூடவே இன்னொன்றும் சொன்னார்கள்: போலீஸும், உள்ளூர் பரோ கவுன்சிலும், மாவட்ட அளவிலான கவுன்ட்டி கவுன்சிலும் செய்யத் தவறியவை இந்த மரணங்களுக்குக் காரணமாயின. தகவலை ஒருவருக்கொருவர் பகிரவில்லை என்பது முக்கியக் குற்றச்சாட்டு.

போலீஸைத் திட்டுவது புரிகிறது. கவுன்சில் எங்கே வந்தது? தெருவில் பையன்கள் செய்யும் தொல்லைக்கு நகராட்சி எப்படிப் பொறுப்பாகும்? நம்மூரில் இப்படி ஒரு கேள்வியே எழாது. இங்கே போலீஸ் மாநில அரசின் கையில் இருக்கிறது. வார்டு கவுன்சிலர் இன்ஸ்பெக்டரைக் கூட்டத்துக்கு வரச்சொல்லிக் கேள்வி கேட்க முடியாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அது முடியும். எப்படி, எவ்வளவு தூரம், அதனால் என்ன பயன் என்பதுதான் இங்கே விஷயம்.

‘சமூக விரோதம்’ என்றால் என்ன?

முதலில் ஒரு சொல் குழப்பம். தமிழ் செய்திகளில் ‘சமூக விரோதிகள்’ என்றால் அரிவாளோடு வருகிற ரவுடிகள்தான் நினைவுக்கு வருவார்கள். பிரிட்டிஷ் சட்டத்தில் சமூக விரோத நடத்தை என்பது அதைவிட ரொம்பக் கீழே தொடங்குகிறது. ஒருவருக்குத் தொந்தரவோ, அச்சமோ, மன உளைச்சலோ தரும், அல்லது தரக்கூடிய நடத்தை எல்லாமே இதில் அடங்கும். குடியிருப்புகள் என்று வந்தால் வெறும் எரிச்சலூட்டும் நடத்தைகூட இந்த வரையறைக்குள் வந்துவிடும்.

நடு ராத்திரியில் மாடி வீட்டில் ஸ்பீக்கர் அலறுவது, தெருவில் குப்பையைக் கொட்டுவது, குடித்துவிட்டு வாசலில் கத்துவது, ஒரே வீட்டுக் கதவைத் தினமும் தட்டிவிட்டு ஓடுவது. தனித்தனியாக எடுத்தால் இவற்றில் பல, கேஸ் போடும் அளவுக்குக்கூட வராது. ஆனால் அந்த வீட்டுக்குள் இருப்பவர் தனித்தனியாக அனுபவிப்பதில்லையே.

இன்னொரு சிக்கல், புகார் போகும் இடங்கள். சத்தம் என்றால் கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவு. குப்பை என்றால் அதே கவுன்சிலில் வேறொரு துறை. மிரட்டினால் போலீஸ், அவசரம் என்றால் 999, இல்லையென்றால் 101. தொல்லை தருபவர் வீட்டு வசதிச் சங்கத்தின் வாடகைதாரர் என்றால் அந்தச் சங்கம். பாதிக்கப்பட்டவர் ஒருவர்தான், அவருடைய கதையோ நாலு பதிவேட்டில் நாலு துண்டாகக் கிடக்கும். ‘அது எங்க வேலை இல்லைங்க, அங்க சொல்லுங்க’ என்ற பதில் உலகம் முழுக்க ஒரே மாதிரிதான் போலிருக்கிறது.

எல்லோரையும் ஒரே மேஜையில்

இந்தத் துண்டுகளைச் சேர்க்கத்தான் 1998-ல் குற்றம் மற்றும் ஒழுங்கின்மைச் சட்டம் வந்தது. போலீஸும் கவுன்சிலும் சேர்ந்து தங்கள் பகுதியின் பாதுகாப்புக்குத் திட்டம் போட வேண்டும் என்று அது கட்டாயமாக்கியது. இன்றைக்குத் தீயணைப்புத் துறை, நன்னடத்தைத் துறை, பொதுச் சுகாதார அமைப்பான என்ஹெச்எஸ் எல்லாம் அந்த மேஜையில் உண்டு. இதற்குப் பெயர் சமூகப் பாதுகாப்புக் கூட்டமைப்பு.

அதே சட்டத்தின் 17-வது பிரிவு இன்னும் சுவாரசியமானது. கவுன்சில் எந்த வேலை செய்தாலும், அதனால் குற்றம் கூடுமா குறையுமா என்று யோசித்தாக வேண்டும். தெருவிளக்கை அணைத்துச் செலவை மிச்சப்படுத்துவது, பூங்காவை எத்தனை மணிக்குப் பூட்டுவது, மதுக்கடைக்கு உரிமம் தருவது வரைக்கும் இது பொருந்தும். பாதுகாப்பு என்பது போலீஸ் வேலை மட்டும்தான் என்று கவுன்சில் கைகழுவ முடியாதபடி செய்த பிரிவு இது. அதனால்தான் பார்வெல் விவகாரத்தில் கவுன்சில்களும் கூண்டில் நின்றன.

சரி, கூட்டமைப்பு வந்துவிட்டது. ஆனால் அது தன் வேலையைச் செய்கிறதா என்று யார் பார்ப்பது? அதற்கு 2006-ம் ஆண்டின் காவல் மற்றும் நீதிச் சட்டம் ஒரு வழி சொன்னது. ஒவ்வொரு கவுன்சிலிலும், தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலர்கள் அடங்கிய ஒரு குற்றம் மற்றும் ஒழுங்கின்மைக் கமிட்டி இருக்க வேண்டும். இதற்கான விதிமுறைகள் நடைமுறைக்கு வந்தது 2009 ஏப்ரலில். பார்வெல் ஜூரி தன் முடிவைச் சொல்வதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்பு.

கமிட்டியால் என்ன முடியும்?

போலீஸ் அதிகாரியோ கூட்டமைப்பில் உள்ள வேறு எந்தத் துறையின் அதிகாரியோ, போதிய அவகாசம் கொடுத்துக் கூப்பிட்டால் வந்தாக வேண்டும். கேட்ட தகவலைத் தர வேண்டும். கமிட்டி அறிக்கை கொடுத்துப் பரிந்துரை செய்தால் 28 நாட்களுக்குள், அல்லது அதற்குப் பிறகு எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், எழுத்தில் பதில் தர வேண்டும். ‘ஏற்கிறோம்’ அல்லது ‘ஏற்கவில்லை, காரணம் இது’. கிணற்றில் போட்ட கல்லாக இருக்கக் கூடாது.

வார்டு கவுன்சிலருக்கும் ஒரு தனி வழி உண்டு. தன் தெருவில் ஒரு பிரச்சினை தீராமலே இழுக்கிறது என்றால் அதை நேரடியாகக் கமிட்டியின் விவாதத்துக்குக் கொண்டு போகலாம். எந்தக் கட்சி, ஆளுங்கட்சியா எதிர்க்கட்சியா என்பதெல்லாம் பொருட்டில்லை.

இப்போது முடியாதவை. கமிட்டி யாருக்கும் உத்தரவு போட முடியாது. ரோந்துக்கு ரெண்டு போலீஸ்காரரை அனுப்பு என்று சொல்லும் அதிகாரம் இல்லை. பரிந்துரையைத் துறைகள் கருத்தில் கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஒரு வரியில் சொன்னால் அதன் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் கேள்வி. கேள்வி மொக்கையாக இருந்தால் மொத்த ஏற்பாடும் மொக்கைதான்.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. சட்டப்படி இந்தக் கமிட்டி ஆண்டுக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். ஒருமுறை. நாலைந்து துறைகளின் ஒரு வருட வேலையை ஒரே மாலைக் கூட்டத்தில் அலசிவிடலாம் என்று நினைத்தால் அது நடக்கிற காரியமா? சுறுசுறுப்பான கவுன்சில்கள் இதைவிட அதிகமாகக் கூட்டுகின்றன. குறைந்தபட்சத்தைச் செய்துவிட்டு டிக் அடித்துக்கொள்ளவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

எண் குறைந்தால் நல்ல செய்தியா?

இப்படி ஒரு கூட்டத்தில் சாதாரணமாக என்ன நடக்கும் என்று பார்ப்போம். அதிகாரி ஸ்லைடு போடுவார். போன வருடம் இத்தனை புகார், இந்த வருடம் இத்தனை. அம்புக்குறி கீழே போனால் பச்சை நிறம், மேலே போனால் சிவப்பு. கவுன்சிலர்கள் நன்றி சொல்லி அடுத்த பொருளுக்குப் போவார்கள்.

கமிட்டிக்குத் தரப்படும் தகவலில் தனிநபர் அடையாளம் இருக்கக் கூடாது என்பது விதி. நியாயமான விதிதான், யாருடைய வீட்டுப் பிரச்சினையும் பொதுக்கூட்டத்தில் வாசிக்கப்படக் கூடாது. ஆனால் அதன் பக்கவிளைவைக் கவனிக்க வேண்டும். ‘33 புகார்கள்’ என்ற எண்ணைப் பார்த்தால், 33 வீடுகள் ஒவ்வொரு முறை போன் செய்தனவா, ஒரே வீடு 33 முறை போன் செய்ததா என்பது தெரியாது. முதலாவது ஒரு சுமாரான வருடம். இரண்டாவது ஒரு பேரழிவு.

புகார் எண்ணிக்கை குறைவதற்கும் இரண்டு காரணங்கள் இருக்கலாம். தொல்லை குறைந்திருக்கலாம். இல்லை, ‘சொல்லி என்னாகப் போகுது’ என்று மக்கள் போன் செய்வதையே விட்டிருக்கலாம். ஸ்லைடில் இரண்டும் ஒரே பச்சை நிறம்தான். ஆகவே கமிட்டியில் உட்கார்ந்திருப்பவர் கேட்க வேண்டியது, எத்தனை புகார் என்பதோடு நிற்கக் கூடாது. ஒரே முகவரியிலிருந்து மூன்று முறைக்கு மேல் வந்தவை எத்தனை? அவர்களில் ஊனமுற்றவர்கள், முதியவர்கள், வேறு நாட்டிலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர்? அதில் முடித்து வைத்தவை எத்தனை, முடித்ததாக எழுதி வைத்தவை எத்தனை? இவை எதுவும் யாருடைய பெயரையும் வெளியிடாமலேயே கேட்கக்கூடிய கேள்விகள்.

பிரிஸ்டலில் மறுபடியும்

பார்வெலுக்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டதா? ஆறே வருடத்தில் பதில் வந்தது. பீஜன் எப்ராஹிமி ஈரானிலிருந்து அகதியாக வந்தவர், உடல் ஊனம் உள்ளவர். பிரிஸ்டலில் தனியாக வசித்தார். வாசலில் பூந்தொட்டிகள் வைத்து வளர்த்தார். அவற்றை நாசம் செய்தவர்களை ஆதாரத்துக்காகப் படம் எடுத்தார். தொல்லையைப் பற்றிப் புகார் செய்யப் போனால் எல்லாத் துறையும் கேட்பது அதைத்தானே, ‘ப்ரூஃப் இருக்கா?’ என்று.

அந்தப் படங்களே அவருக்கு வினையாயின. குழந்தைகளைத் தப்பான நோக்கத்தோடு படம் எடுக்கிறார் என்று தெருவில் பொய் வதந்தி கிளம்பியது. 2013 ஜூலையில் போலீஸ் வந்து, தொல்லைக்கு ஆளானவரையே கைது செய்து கூட்டிப் போனது. கூடியிருந்தவர்கள் ஆரவாரம் செய்தார்கள். குற்றம் எதுவும் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். வந்த பிறகும் பயந்து போய் மறுபடி மறுபடி உதவி கேட்டார். ஜூலை 14 அன்று பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரால் கொல்லப்பட்டார்.

2007 முதல் 2013 வரை அவர் போலீஸுக்குச் செய்த போன் கால்கள் 85 என்று பிறகு விசாரணையில் தெரிந்தது. ஒரு கான்ஸ்டபிளும் ஒரு சமூக ஆதரவு அதிகாரியும் கடமை தவறியதற்காகச் சிறைக்குப் போனார்கள். 2017-ல் பிரிஸ்டலின் சமூகப் பாதுகாப்புக் கூட்டமைப்பு வெளியிட்ட ஆய்வு, போலீஸ் மட்டுமின்றி நகராட்சியிடமும் அமைப்பு சார்ந்த இனவெறி இருந்ததற்கான ஆதாரம் இருப்பதாகச் சொன்னது. அடிக்கடி புகார் கொடுப்பவர் என்றாலே ‘இவர்தான் பிரச்சினை’ என்று முத்திரை விழுந்துவிட்டது. பார்வெலில் யாரும் எண்ணவில்லை. பிரிஸ்டலில் எண்ணினார்கள், எண்ணியதைப் புகார் சொன்னவர் மீதே திருப்பிவிட்டார்கள்.

பாதிக்கப்பட்டவர் கையில் ஒரு சாவி

2014-ல் வந்த சமூக விரோத நடத்தை, குற்றம் மற்றும் காவல் சட்டம், இந்த இடத்தில்தான் ஒரு புதிய கதவைத் திறந்தது. ஆரம்பத்தில் ‘சமூக விசை’ என்று அழைக்கப்பட்டது. இப்போது வழக்கு மறுஆய்வு என்கிறார்கள். புகார் கொடுத்தும் எதுவும் நடக்கவில்லை என்று நினைக்கும் ஒருவர், ‘எல்லாத் துறையும் ஒன்றாக உட்கார்ந்து என் விவகாரத்தை மறுபடி பாருங்கள்’ என்று உரிமையோடு கேட்கலாம்.

எத்தனை புகார் ஆன பிறகு கேட்கலாம்? ஒவ்வொரு பகுதியும் தன் வரம்பை வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஆறு மாதத்தில் மூன்று புகார் என்பதற்கு மேல் வைக்க முடியாது. மூன்றும் ஒரே இடத்தில் கொடுத்திருக்க வேண்டியதில்லை. போலீஸில் ஒன்று, கவுன்சிலில் ஒன்று, வீட்டு வசதிச் சங்கத்தில் ஒன்று என்றாலும் கணக்கு மூன்றுதான். முன்பு சொன்ன நாலு துண்டுகளையும் ஒட்ட வைக்கும் விதி இதுதான். ஒவ்வொரு புகாரும் சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் கொடுத்ததாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

வரம்பைத் தொட்டுவிட்டால் துறைகள் மறுஆய்வு செய்தே ஆக வேண்டும். என்ன முடிவு என்று கேட்டவருக்குச் சொல்லவும் வேண்டும். பரிந்துரைகள் இங்கேயும் கட்டளைகள் இல்லை.

சட்டம் நன்றாக இருக்கிறது. தெரிந்தால்தானே கேட்பார்கள்? ஹெலன் நியூலவ் என்பவரின் கணவர் 2007-ல் வாரிங்டனில், வீட்டு வாசலில் அடாவடி செய்த இளைஞர்களைத் தட்டிக் கேட்கப் போய் அடித்துக் கொல்லப்பட்டார். பிறகு அவர் பிரபுக்கள் சபை உறுப்பினராகி, பாதிக்கப்பட்டோருக்கான ஆணையராகவும் இருந்தார். 2019-ல் அவர் வெளியிட்ட அறிக்கை, இந்த வசதி பாதிக்கப்பட்டவர்களுக்குப் பரவலாகத் தெரியவில்லை என்று குறை சொன்னது. உதவி கேட்டு வருபவரிடம் ‘உங்களுக்கு இப்படி ஒரு உரிமை இருக்கிறது’ என்று சொல்ல வேண்டியவர்கள், அந்த உரிமை யாருடைய வேலையைக் கேள்வி கேட்கிறதோ அதே ஆட்கள். அவர்கள் ஏன் வாயைத் திறக்கப் போகிறார்கள்?

கவுன்சிலே எல்லை மீறினால்?

கண்காணிப்பு என்றதும் போலீஸை நோக்கி மட்டும் விரல் நீட்டினால் போதாது. அதே 2014 சட்டம் கவுன்சிலுக்கும் ஒரு பெரிய அதிகாரத்தைக் கொடுத்தது. பொது இடப் பாதுகாப்பு உத்தரவு என்று பெயர். ஒரு பூங்காவிலோ கடைத்தெருவிலோ இன்னின்ன செய்யக் கூடாது என்று கவுன்சில் மூன்று வருடம் வரை தடை போடலாம். மீறினால் அங்கேயே அபராதச் சீட்டு. கட்டாவிட்டால் நீதிமன்றத்தில் 1,000 பவுண்டு வரை அபராதம்.

நாய்க் கழிவு, தெருவில் குடி என்று ஆரம்பித்தது விநோதமான இடங்களுக்கெல்லாம் போனது. சால்ஃபோர்டு நகராட்சி, துறைமுகப் பகுதியில் கெட்ட வார்த்தை பேசுவதற்குத் தடை போட்டது. எந்தெந்த வார்த்தை என்று மனித உரிமை அமைப்பான லிபர்ட்டி கடிதம் எழுதிக் கேட்டது. சிரிப்பு வரும் விவகாரம்தான். ஆனால் தெருவில் படுத்துறங்குபவர்களைக் குறிவைத்து இதே உத்தரவுகள் வந்தபோது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. வீடில்லாமல் இருப்பதையே காரணமாக வைத்து இந்த உத்தரவைப் பயன்படுத்தக் கூடாது என்று 2017-ல் உள்துறை தன் வழிகாட்டுதலைத் திருத்த வேண்டியதாயிற்று. ஒரு கவுன்சிலின் தடையை அதே கவுன்சிலின் கமிட்டிதான் கேள்வி கேட்க வேண்டும் என்பது கொஞ்சம் சங்கடமான ஏற்பாடு. சொந்தக் கட்சியின் தலைமை போட்ட உத்தரவை எதிர்த்துக் கை தூக்க எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்?

மேலே நடக்கும் மாற்றம்

2012 முதல் இங்கிலாந்து, வேல்ஸின் பெரும்பாலான பகுதிகளில் போலீஸைக் கண்காணிக்க நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆணையர்கள் இருக்கிறார்கள். லண்டனில் அந்த வேலை மேயருடையது. முதல் தேர்தலில் வாக்களித்தவர்கள் சுமார் 15 சதவீதம் பேர்தான். இந்தப் பதவியே 2028 மே மாதத்தோடு முடிவுக்கு வரும் என்று 2025 நவம்பரில் அரசு அறிவித்தது. பொறுப்பு மேயர்களுக்கும் உள்ளாட்சித் தலைவர்களுக்கும் போகும் என்பது திட்டம். அப்படி நடந்தால், போலீஸை நடத்துபவரும் உள்ளாட்சிக்காரர், அவரைக் கேள்வி கேட்பவரும் உள்ளாட்சிக்காரர் என்று ஆகும். கவுன்சில் கமிட்டிகளின் வேலை அப்போது இன்னும் கனமாகும்.

அங்கே குடியிருக்கும் நம்மவர்களுக்கு

படிக்கவும் வேலைக்கும் போய் லண்டனிலோ லெஸ்டரிலோ வாடகை வீட்டில் இருக்கும் தமிழர்கள் நிறைய. மேல்வீட்டுச் சத்தம், வாசலில் இனவெறிக் கிண்டல் என்றால் பலரும் ‘எதுக்கு வம்பு, வீட்ட மாத்திடலாம்’ என்றுதான் முடிவெடுப்பார்கள். வழக்கு மறுஆய்வு கேட்க பிரிட்டிஷ் குடிமகனாக இருக்க வேண்டும் என்று சட்டத்தில் எந்த நிபந்தனையும் இல்லை. சம்மதம் கொடுத்தால் வேறொருவர் சார்பிலும் விண்ணப்பிக்கலாம்; ஆங்கிலத்தில் பேசத் தயங்கும் பெரியவர்களுக்கு இது உதவும்.

தேதி, நேரம், என்ன நடந்தது, யாரிடம் சொன்னோம் என்று போனிலேயே ஒரு குறிப்பு வைத்துக்கொள்வது நல்லது. ஒவ்வொரு முறையும் புகார் எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். இனத்தையோ ஊனத்தையோ சொல்லித் திட்டினால் அதையும் சேர்த்தே பதியச் சொல்ல வேண்டும். அப்படிப் பதிவானால் அது வெறும் தெருத் தகராறாக இருக்காது, வெறுப்புக் குற்றமாகக் கையாளப்பட வேண்டிய ஒன்றாகிவிடும். பார்வெலில் நடக்காமல் போனது இதுவும்தான்.

வழக்கு மறுஆய்வு பற்றிச் சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. எத்தனை விண்ணப்பம் வந்தது, எத்தனை வரம்பைத் தொடவில்லை, எத்தனை மறுஆய்வு நடந்தது, எத்தனையில் பரிந்துரை வந்தது என்ற நான்கு எண்களையும் ஒவ்வொரு பகுதியும் வெளியிட வேண்டும். பெரும்பாலும் கவுன்சில் இணையதளத்தில் ஏதோ ஒரு மூலையில் இருக்கும். முதல் எண் பூஜ்யம் என்று இருந்தால், அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் அந்தப் பூஜ்யத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்கச் சொல்லி வார்டு கவுன்சிலருக்கு ஒரு மின்னஞ்சல் தட்டிவிடலாம்.